நள்ளிரவில் வரும் ‘அனுமதிக்கவா?’

அலுவலகக் கணக்குகளுக்கு இரண்டாம் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டைத் தட்டிய பிறகும் போனுக்கு வரும் எண் போன்ற இன்னொன்றைக் கேட்பது, இனிக் கட்டாயம் என்று அறிவித்த மறுநாளே அந்தக் கேள்வி வந்துவிடும். “என் பாஸ்வேர்டு ரொம்பக் கடினமானது, எனக்கே சில நாள் மறந்துபோகும். இதை யார் ஊகிக்கப்போகிறார்கள்? அப்புறம் எதற்கு இந்த வம்பு?” நிறுவனங்களின் கணினிக் கணக்குகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. இப்படிக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், சிறப்புக்குறி வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பல வருடங்களாக அவர்களைப் பாடாய்ப் படுத்தியது எங்கள் துறைதான். அத்தனையும் செய்த பிறகும் போதாது என்று சொன்னால், ஏன் போதாது என்று பொறுமையாக விளக்கும் கடமையும் எங்களுக்கு இருக்கிறது.

நான் முதலில் எடுப்பது கலோனியல் பைப்லைன் விவகாரத்தைத்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரை பயன்படுத்தும் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கொண்டுசெல்லும் குழாய்வழி அது. 2021 மே மாதம் டார்க்சைடு என்ற கும்பல் அந்த நிறுவனத்தின் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. நிறுவனம் குழாய்வழியையே சில நாட்கள் நிறுத்திவைத்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கும்பலுக்குப் போனது. அவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு (விபிஎன் என்பது வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் வழி). நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜோசப் பிளவுன்ட் அடுத்த மாதம் செனட் குழுவின் முன் பேசும்போது, அந்தப் பாஸ்வேர்டு சாதாரணமானதல்ல, சிக்கலானதுதான் என்று அழுத்திச் சொன்னார். அதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆனால் அதே பாஸ்வேர்டு, வேறெங்கோ கசிந்து இணையத்தின் இருட்டு மூலைகளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குவியலில் கிடந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். கசிந்துபோன பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்து என்ன பயன்? அந்தக் கணக்கில் பாஸ்வேர்டைத் தாண்டி வேறு எந்தத் தடையும் இல்லை.

பாஸ்வேர்டு கைவிட்டுப் போகும் வழிகளில் பெரும்பாலானவை அதன் உரிமையாளரின் கண்ணுக்கே தெரியாது. ஏதோ ஒரு பொழுதுபோக்குத் தளத்திலும் அலுவலக மின்னஞ்சலிலும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால், அந்தத் தளம் உடைபட்ட அன்றே அலுவலகக் கணக்கும் திறந்த மாதிரிதான். திருடியவர்கள் கையால் தட்டிப் பார்ப்பதில்லை, நிரல்கள்தான் ஆயிரக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்க்கின்றன. சொந்தக் கணினியில் தகவல் திருடும் மென்பொருள் புகுந்துவிட்டால், பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அது ஒரே மூச்சில் அள்ளிப் போய்விடும். அள்ளியவற்றை விலைபேசி விற்கவும் சந்தை இருக்கிறது. 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேவையைப் பயன்படுத்திய நிறுவனங்கள் வரிசையாகக் கொள்ளைபோனது இப்படித்தான். சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. திருடர்கள் ஸ்னோஃப்ளேக்கின் சுவரை உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் கணினிகளிலிருந்து களவுபோன பாஸ்வேர்டுகளை எடுத்துவந்து நேராக லாகின் செய்தார்கள். அவற்றில் சில 2020-இலேயே திருடுபோனவை. மாற்றப்படாமலே இருந்தன. அந்தக் கணக்குகளில் இரண்டாம் சரிபார்ப்பும் இல்லை.

பாஸ்வேர்டு போன பிறகும் கணக்கு போகக் கூடாது. பல காரணிச் சரிபார்ப்பு, சுருக்கமாக எம்எஃப்ஏ, செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். கணக்கு திருடும் முயற்சிகளில் 99.9 சதவீதத்துக்கு மேல் இதனால் தடுக்கப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் எழுதியது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. நாள் முழுக்க நடக்கும் முயற்சிகளில் பெரும்பகுதி நிரல்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்ப்பவை. அவற்றை எளிய இரண்டாம் தடையே நிறுத்திவிடும். உங்கள் நிறுவனத்தைக் குறிவைத்து, உங்கள் ஊழியரின் பெயரைத் தெரிந்துகொண்டு வருகிறவன் அந்தச் சதவீதக் கணக்கில் அடங்கமாட்டான்.

காரணிகள் மூன்று வகை: நமக்குத் தெரிந்த ஒன்று, நம் கையில் இருக்கும் ஒன்று, நம் உடம்பிலேயே இருக்கும் ஒன்று. பாஸ்வேர்டு முதல் வகை, போன் இரண்டாம் வகை, கைரேகை மூன்றாம் வகை. பாஸ்வேர்டுக்குப் பிறகு ‘உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன’ என்று கேட்பது இரண்டாம் காரணி ஆகாது. இரண்டுமே தெரிந்த விஷயங்கள், இரண்டையும் ஒரே வழியில் களவாடலாம். இதற்கு மேல் இலக்கணம் தேவையில்லை.

என் கவலை எல்லாம் வேறு இடத்தில். எம்எஃப்ஏ போட்டாயிற்று என்று அறிக்கையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்த வகை போட்டோம், அசதியில் இருக்கும் ஒரு மனிதரின் ஒரு விரல் தட்டலில் அது கழன்றுவிடுமா, எந்தெந்தக் கணக்குகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் ‘ஊழியர் கவனமாக இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒருவர் இரவும் பகலும் விழிப்பாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும் பாதுகாப்பை அமைத்துவிட்டு, அவர் கண்ணயர்ந்ததைக் குற்றமாக்குவது நியாயமில்லை.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லோருக்கும் பழகியது, எந்தப் போனிலும் வரும், சொல்லித்தரவே வேண்டாம். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண் நம் கையில் இருக்கும் போனுக்கு வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நம் தொலைபேசி எண்ணுக்கு வருகிறது. எண் எந்த சிம்மில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது தொலைபேசி நிறுவனம். அங்கே ஒருவரை ஏமாற்றியோ விலைக்கு வாங்கியோ எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால், நமக்கு வர வேண்டியதெல்லாம் அங்கே போகும். நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதில் செய்ய ஒன்றுமில்லை. 2018-இல் ரெடிட் தளத்தின் ஊழியர் கணக்குகள் சில உடைபட்டபோது, குறுஞ்செய்தி வழியான சரிபார்ப்பு தாங்கள் நம்பிய அளவுக்குப் பாதுகாப்பானதல்ல என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எக்ஸ் கணக்கில் பிட்காயினில் முதலீடு செய்யும் நிதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு பொய்ப் பதிவு வந்தது. சந்தையே ஆடியது. அந்தக் கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி, பாஸ்வேர்டை மீட்டமைத்து உள்ளே நுழைந்திருந்தார்கள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதன் இன்னொரு பகுதி. அந்தக் கணக்கில் எம்எஃப்ஏ முன்பு இருந்தது. உள்ளே நுழைவதில் ஏதோ சிரமம் என்று 2023 ஜூலையில் ஊழியர்களே கேட்டு அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். கணக்கு பறிபோகும் வரை அதைத் திரும்பப் போடவே இல்லை. தற்காலிகமாக நிறுத்தியது நிரந்தரமாகிவிடுவதை என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிறுத்தச் சொல்ல ஒரு அவசரம் வரும். திரும்பப் போடச் சொல்ல எந்த அவசரமும் வராது.

அடுத்தது ஆத்தென்டிகேட்டர் செயலி. முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் அதில் வரும். இதன் உள்வேலை எனக்கு இன்றைக்கும் பிடித்த ஒன்று. முதல் நாள் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்கிறோம் அல்லவா, அந்தப் படத்துக்குள் ஒரு ரகசியச் சாவி, அதாவது ஒரு நீளமான குறியீடு, இருக்கிறது. அது ஒரு பிரதி நம் போனிலும் ஒரு பிரதி சேவையின் சர்வரிலும் தங்கிவிடுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் அதே சாவியையும் அந்த நேரத்தையும் ஒரே கணக்கில் போட்டு அரைத்து ஆறு இலக்கமாகச் சுருக்குகின்றன. 2011-இல் பொதுவான தொழில்நுட்ப விதிமுறையாக வெளியான முறை இது. இணைப்பு தேவையில்லை, சிம் தேவையில்லை, போன் விமானப் பயன்முறையில் இருந்தாலும் எண் வரும். கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ‘என் செயலி தப்பான எண் காட்டுகிறது’ என்று வரும் புகார்களில் போனின் நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றினாலே பல தீர்ந்துவிடும்.

இந்த உள்வேலை தெரிந்தால் ஒரு ஆபத்தும் உடனே புரியும். அந்தக் கியூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர் எவரும் அதே எண்களை என்றைக்கும் உருவாக்கலாம். ஒரே கணக்கை நான்கு பேர் பயன்படுத்தும் பிரிவுகளில் அந்தப் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் குழுவை விட்டுப் போனவர் போனிலும் அந்தப் படம் இருக்கும். நான்கு பேருக்கு வேலை என்றால் நான்கு கணக்கு கேளுங்கள். தர மறுக்கும் நிர்வாகத்தோடு சண்டை போடுவது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு, பயன்படுத்துபவர்களின் பொறுப்பல்ல.

அப்புறம், தலைப்பில் உள்ள ‘அனுமதிக்கவா?’ அறிவிப்பு. எண் தட்ட வேண்டாம், போனில் வரும் பொத்தானை அழுத்தினால் போதும். வசதி என்று வந்தது, சில வருடங்களிலேயே பலவீனமாகத் திரும்பியது. பாஸ்வேர்டு கையில் கிடைத்த திருடன் மறுபடி மறுபடி லாகின் செய்வான். ஒவ்வொரு முறையும் உரியவரின் போன் அதிரும். வேண்டாம் என்று அழுத்துவார், மறுபடி வரும். இரவு ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும். எப்படியாவது இது நின்றால் சரி என்று ஒருமுறை சம்மதம் தட்டிவிட்டால் முடிந்தது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருட்டுச் சந்தையில் வாங்கப்பட்டிருக்கலாம் என்றும், தொடர்ந்து வந்த கோரிக்கைகளில் ஒன்றை அவர் கடைசியில் ஏற்றுக்கொண்டார் என்றும் ஊபரே விளக்கம் தந்தது. நடுவில் ஐடி துறையிலிருந்து பேசுவதாக அவருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பி, ஏற்றுக்கொண்டால் அறிவிப்பு நின்றுவிடும் என்று சொன்னதாகத் தாக்கியவர் பெருமையடித்துக்கொண்டதும் செய்திகளில் வந்தது.

அந்த ஊழியரைக் கேலி செய்து எழுதப்பட்டவற்றை அன்று நிறையப் படித்தேன், மனம் வலித்தது. ‘வேண்டாம்’ என்பதை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் ஆகாது, ‘சரி’ என்பதை ஒரே முறை அழுத்தினால் எல்லாம் போகும் என்று ஒரு பொத்தானை வடிவமைத்துக் கையில் கொடுத்தது யார்? இத்தனை மறுப்புகள் வந்த பிறகும் அந்தக் கணக்கைத் தானாகப் பூட்டாமல் விட்டது யார்? முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் தயங்கித் தயங்கி என்னைப் போனில் அழைத்தார். “சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ராத்திரி போன்ல ‘அனுமதிக்கவா’ன்னு ரெண்டு மூணு தடவை வந்துச்சு. நான் லாகின் பண்ணவே இல்ல. வேண்டாம்னு அழுத்திட்டுத் தூங்கிட்டேன். பரவாயில்லையா?” உடனே பதிவுகளைப் பார்த்தோம். அவருடைய பாஸ்வேர்டை வேறு யாரோ, வேறு ஒரு நாட்டிலிருந்து, சரியாகத் தட்டியிருந்தார்கள். அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம், திறந்திருந்த லாகின்களை எல்லாம் துண்டித்தோம். அந்தப் பாஸ்வேர்டையே வேறு எங்கெல்லாம் வைத்திருந்தார் என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டு அங்கேயும் மாற்றவைத்தோம். அவர் மன்னிப்புக் கேட்டபடியே பேசியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்படிப்பட்ட அழைப்பு எங்களுக்குத் தொந்தரவு என்ற எண்ணத்தை அவருக்குள் யார் விதைத்தது? நீங்கள் கேட்காமல் ஓர் அனுமதிக் கோரிக்கை வந்தால், பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வேண்டாம் என்று அழுத்துவதோடு நிற்காதீர்கள். எந்த நேரமானாலும் ஐடி துறைக்குச் சொல்லுங்கள். சலித்துக்கொள்கிறார்கள் என்றால் தப்பு அவர்களுடையது.

அறிவிப்பு முறையைத் தொடர வேண்டுமானால் எண் பொருத்தும் முறையையாவது போட வேண்டும். லாகின் செய்யும் திரையில் ஓர் எண் தெரியும், அதைப் போனில் தட்டினால்தான் அனுமதி. தூக்கக் கலக்கத்தில் தெரியாத எண்ணைத் தட்ட முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் செயலியில் இதை 2023 மே மாதம் முதல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. அதோடு, ஒரு நாளில் பத்து முறை அனுமதி கேட்கும் அமைப்புகளையும் திருத்த வேண்டும். அடிக்கடி கேட்டால் பாதுகாப்பு கூடும் என்று நம்பும் நிர்வாகிகள் இன்னும் இருக்கிறார்கள். அடிக்கடி கேட்டால் யோசிக்காமல் அழுத்தும் பழக்கம்தான் கூடும். அலுவலகம் கொடுத்த, பதிவான கணினியிலிருந்து வழக்கமான வேலை செய்பவரை விட்டுவிட்டு, புதிய கருவி, புதிய இடம், பணம் அனுப்பும் திரை, அட்மின் வேலை ஆகியவற்றில் கேட்டால் அந்தக் கேள்விக்கு மதிப்பிருக்கும்.

ஆனால் எண் பொருத்துவதும் ஆறு இலக்க எண்ணும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. போலி லாகின் பக்கம் முன்பெல்லாம் பாஸ்வேர்டை வாங்கிச் சேமித்துவைக்கும், அவ்வளவுதான். இப்போது அது நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறது. நாம் தட்டும் பாஸ்வேர்டை அந்த நொடியே உண்மையான தளத்தில் போடும். உண்மையான தளம் ஓடிபி கேட்டால் நம்மிடம் கேட்கும், நாம் தட்டினால் அங்கே கொடுக்கும். லாகின் ஆனதும் ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று காட்டத் தளம் பிரவுசருக்குத் தரும் சிறு கோப்பான அடையாளக் குக்கீயைத் தானே வைத்துக்கொள்ளும். அப்புறம் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2021 செப்டம்பரில் தொடங்கிய இப்படியொரு தாக்குதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்ததாக மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் அறிவித்தது. முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லி எத்தனை பயிற்சி கொடுத்தாலும், வேலை நெருக்கடியில் எல்லோரும் ஒருநாள் தவறவிடுவார்கள். அனுபவசாலிகளும் விதிவிலக்கல்ல.

அந்த 2022 ஜூலையில், கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 76 ஊழியர்களுக்காவது ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி வந்தது. அவர்களின் வேலை அட்டவணை மாறியிருப்பதாகச் சொல்லி ஓர் இணைப்பு. அந்தப் போலி முகவரி பதிவாகி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேர் நம்பிப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டார்கள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் ஊழியர்கள் அவர்கள். ஆனாலும் ஒரு கணக்கும் போகவில்லை. அங்கே எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ என்ற சிறு கருவி இருந்தது. அதே சமயத்தில் அதே பாணித் தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனத்தில் திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். அந்த மூன்று பேரின் தவறைக் கிளவுட்ஃப்ளேர் மறைக்கவும் இல்லை, அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டது. ஐடி துறையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டிய அறிக்கை அது.

அந்தச் சிறு கருவி எப்படிக் காப்பாற்றியது? முதல்முறை பதிவு செய்யும்போது கருவி ஒரு ஜோடிச் சாவியை உருவாக்குகிறது. ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியே வருவதே இல்லை. இன்னொன்று, பொதுச் சாவி, தளத்துக்குப் போகிறது. லாகின் செய்யும்போது தளம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும், கருவி அதில் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும். முக்கியமான விஷயம், நாம் எந்த முகவரியில் இருக்கிறோம் என்பதைக் கருவிக்குச் சொல்வது பிரவுசர். அந்தச் சாவி பதிவான முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். போலித் தளத்தின் முகவரியில் ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அதற்குரிய சாவி கருவியில் இல்லை, கையொப்பம் வராது. நம் கண் ஏமாந்தாலும் கருவி ஏமாறாது. போனில் கெஞ்சிக் கேட்டு வாங்கவும் அதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் நமக்கே எந்த எண்ணும் தெரியாது. கூகுள் 2017-இன் தொடக்கத்தில் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு போலிப் பக்கத்தால் ஊழியர் கணக்கு எதுவும் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று 2018-இல் சொன்னது. இன்று பாஸ்கீ என்ற பெயரில் போனிலும் கணினியிலும் வருவது இதே நுட்பம்தான். கணினியிலேயே திருட்டு மென்பொருள் புகுந்து, லாகின் ஆன பிறகு இருக்கும் குக்கீயை எடுத்தால் இதுவும் தடுக்காது. ஆனால் நான் இதுவரை பார்த்தவற்றில், மனிதரின் விழிப்பை நம்பாமல் நிற்கும் ஒரே வகை இது. நிதிப் பிரிவு, அட்மின்கள், மேலதிகாரிகள் ஆகியோருக்காவது இதையே கேளுங்கள்.

இனி, போய்ச் சேராத கணக்குகள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் கட்டணக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கியபோது மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் கட்டணக் கோரிக்கைகளை அனுப்ப முடியாமல் தவித்தன. 2.2 கோடி டாலர் பணயத்தொகை கொடுத்தார்கள். ஏறத்தாழ 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். தாய் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி மே மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன காரணம்: வெளியிலிருந்து நுழையும் ஒரு சர்வரில் எம்எஃப்ஏ இல்லை. வெளியே தெரியும் எல்லா அமைப்புகளிலும் அது இருக்க வேண்டும் என்பது அவர்களின் சொந்த விதி. அந்த ஒன்றில் மட்டும் இல்லை. அந்த முடக்கத்துக்குச் சில வாரம் முன்பு மைக்ரோசாஃப்ட் தன் மூத்த அதிகாரிகளின் மின்னஞ்சல்களையே ரஷ்ய உளவுக் குழு ஒன்று படித்ததைக் கண்டுபிடித்திருந்தது. அதன் தொடக்கப் புள்ளி எம்எஃப்ஏ இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு. சில கணக்குகளை மட்டும் குறிவைத்து, பலரும் வைக்கும் பாஸ்வேர்டுகளைக் கண்ணில் படாதபடி மெல்ல மெல்ல முயன்று பார்த்து அதைப் பிடித்திருந்தார்கள். உலகத்துக்கே எம்எஃப்ஏ விற்கும் நிறுவனத்திலும் ஒரு மூலை விடுபட்டுப் போகிறது.

அதனால் ‘எத்தனை சதவீதம் முடிந்தது’ என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. எது முடியவில்லை என்று பெயர் பெயராகக் கேட்பேன். வேலையை விட்டுப் போனவரின் மூடப்படாத கணக்கு இருக்கும். ஸ்கேனர் மின்னஞ்சல் அனுப்ப உருவாக்கிய கணக்கு இருக்கும். இரண்டாம் காரணியைக் கேட்கவே தெரியாத பழைய மின்னஞ்சல் இணைப்பு வழிகள் திறந்திருக்கும், அவற்றை மூடாவிட்டால் புதிய ஏற்பாடெல்லாம் வீண். வெளி நிறுவனம் பராமரிப்புக்காக வைத்திருக்கும் கணக்கு இருக்கும். ‘அவருக்கு இதெல்லாம் கஷ்டம்’ என்று விலக்கு வாங்கிய பெரிய அதிகாரியும் பட்டியலில் இருப்பார். பணம் அனுப்ப ஒப்புதல் தருபவர், எல்லா ரகசியக் கோப்பையும் திறக்கக்கூடியவர், அவருக்கு மட்டும் தடை வேண்டாம் என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. மரியாதையாகப் பேசலாம், அவர் அறைக்கே போய் அமைத்துத் தரலாம், விலக்கு மட்டும் தரக் கூடாது.

மீட்டெடுக்கும் வழியும் இன்னொரு நுழைவாயில்தான். போன் தொலைந்துவிட்டது என்று ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒருவர் அழைக்கிறார், குரலில் பதற்றம். உதவ வேண்டும் என்பதுதான் அங்கே இருப்பவரின் வேலையும் குணமும். ஸ்கேட்டர்டு ஸ்பைடர் என்று அழைக்கப்படும் குழு இப்படி ஊழியர்போல அழைத்து எம்எஃப்ஏவை மாற்றவைக்கிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏவும் 2023 நவம்பரில் சேர்ந்தே எச்சரித்தன. பிறந்த தேதியும் ஊழியர் எண்ணும் சொன்னால் போதும் என்றால், அவை கிடைக்காத திருடன் இல்லை. பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நாம் திரும்ப அழைப்பது, அவருடைய மேலாளரை நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்வது, முடிந்தால் அடையாள அட்டையோடு நேரில் வரச் சொல்வது என்று விதி எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் விதிப்படி மறுத்த ஹெல்ப் டெஸ்க் ஊழியரை நிர்வாகம் கைவிடக் கூடாது. ஒருமுறை கைவிட்டால் அந்த விதி அன்றே செத்துவிடும்.

சொந்தப் போனில் அலுவலகச் செயலியைப் போட மறுப்பவர்களையும் நான் புரிந்துகொள்கிறேன். அந்தப் போன் அவருடையது. சிலரிடம் ஸ்மார்ட்போனே இல்லை, சில வேலையிடங்களில் போனுக்கு அனுமதி இல்லை. அவர்களோடு வாதாடுவதைவிட நிறுவனம் செக்யூரிட்டி கீ வாங்கிக் கொடுப்பது சரியான வழி, பாதுகாப்பிலும் அதுவே மேல். கைரேகை பற்றிய பயமும் அடிக்கடி வரும். பாஸ்கீயில் கைரேகை அலுவலகத்துக்குப் போவதில்லை. அது உங்கள் கருவிக்குள்ளேயே இருந்து அங்கிருக்கும் சாவியைத் திறக்க மட்டும் பயன்படுகிறது. வேண்டாம் என்றால் பின் எண் வைத்துக்கொள்ளலாம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

சின்ன அலுவலகம், கணினிக்கென்று தனி ஆள் இல்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் அட்மின் கணக்குகள், அடுத்து மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டு மீட்பு இணைப்பும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது, அது போனால் எல்லாம் போகும். அப்புறம் வெளியிலிருந்து நுழையும் விபிஎன், வங்கி, சம்பளக் கணக்குகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கீ கொடுங்கள், ஒன்றைப் பையிலும் மற்றதைப் பத்திரமாக வேறிடத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பூட்டிவையுங்கள், அதே மின்னஞ்சல் பெட்டிக்குள் சேமிக்க வேண்டாம். எல்லோரும் வெளியே மாட்டிக்கொண்டால் திறக்க இரண்டு அவசர அட்மின் கணக்குகள் வைத்து, அவற்றுக்கும் கீ போட்டு, யார் பயன்படுத்தினாலும் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். அவை வேலை செய்கின்றனவா என்று அவ்வப்போது திறந்தும் பாருங்கள். தவிர்க்கவே முடியாத விலக்கு ஏதாவது இருந்தால் அதை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு பட்டியலில் எழுதி, யார் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்று குறித்து, எதிரே காலாவதித் தேதி போடுங்கள். தேதி வந்ததும் யாரும் நினைவூட்டாமலே விலக்கு நீங்கும்படி அமைத்துவிடுங்கள்.